பாதி மடித்த கச்சை

அப்பாவின் தோள்கள் எப்படி இருக்கும் என்று மிரெயாவின் பாதங்களுக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவற்றின் மேல் ஏறிப் பழகியவள் அவள்.

மனிதக் கோபுரம் இல்லாமல் அவர்கள் ஊரில் திருவிழா நடக்காது. அவர்கள் கோபுரத்தில் நர்சீஸ் மாமா அடியில் நிற்பார். அவரைச் சுற்றி ஊரே நெருக்கி நின்று தாங்கிக்கொள்ளும். மாமாவின் தோள்மேல் அப்பா. அப்பாவின் தோள்மேல் புரூனா அக்கா. மூன்று பேரின் முதுகிலும் தொற்றி ஏறி, உச்சியில் நின்று கையைத் தூக்குவது மிரெயாவின் வேலை.

செவ்வாய்க்கிழமைப் பயிற்சியில் அவள் அப்பா சட்டைக்கு மேல் இடுப்பில் பல சுற்றாகக் கட்டியிருந்த நீளமான கச்சைத் துணியில் கால் வைத்து அவர் தோளுக்கு எம்பினாள். அந்தத் தோள் நடுங்கியது!

"எறங்கு, எறங்கு!" என்று கத்தினார் குழுத் தலைவி எலிசெண்டா. எல்லாரும் இறங்கினார்கள்.

"என்ன ஃபெலியு, காலு தந்தி அடிக்குது?"

"ஒண்ணுமில்ல, லேசா தூக்கக் கலக்கம்" என்றார் அப்பா.

"வெள்ளிக்கிழமையும் இப்படி ஆடினா, திருவிழாவுல உனக்குப் பதிலா வேற ஆளைத்தான் நிறுத்துவேன். உச்சில ஏறுறது குழந்தை. தெரியுமில்ல?"

வேறு யாருடைய தோளிலாவது ஏறுவதா? அதை மிரெயாவால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வீட்டில் அம்மா சாசேஜும் வெள்ளை பீன்ஸும் செய்திருந்தாள். அப்பாவின் தட்டில் மட்டும் நாலு கீரை இலைகள்.

"முயல் வளர்த்தாக்கூட இதைவிட அதிகமா போடுவேன்" என்றாள் அம்மா.

"எடையைக் குறைக்கணும்" என்றார் அப்பா. "நர்சீஸ் என்னைப் பியானோன்னு கேலி பண்றான். தோள்ல பியானோவைத் தூக்கி வெச்ச மாதிரி இருக்காம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உயரத்துல நூறைக் கழிக்கணும். மிச்சத்துல பத்துல ஒரு பங்கையும் கழிக்கணும். நான் நூத்தி எண்பது சென்டிமீட்டர். அப்போ எழுபத்திரண்டு கிலோதான் இருக்கணும். ஆனா எண்பது இருந்தேன்."

"யாருப்பா சொன்னாங்க இந்தக் கணக்கை?"

"எல்லாரும் சொல்றதுதான்."

மிரெயா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "போன வருஷம் எவ்வளவு இருந்தீங்க?"

"அப்பவும் எண்பதுதான்."

"அப்போ போன வருஷம் மாமா ஏன் பியானோன்னு சொல்லல?"

அப்பா இன்னொரு கீரை இலையை மென்றார்.

வெள்ளிக்கிழமை மிரெயா அப்பாவைப் பயிற்சிக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். எலிசெண்டாவும் மற்றவர்களும் கூடிய பிறகு, கடைசியாக நர்சீஸ் மாமா புது வேனில் வந்து இறங்கினார். இடுப்பில் கச்சையை முன்பே சுற்றியிருந்தார்.

"மாமா, எனக்கு நீளமா ஒரு துணி வேணும். உங்க கச்சையைக் கழட்டிக்கிறேன்."

"எதுக்கு மருமகளே?"

"அப்பாவை அளக்கத்தான். பள்ளிக்கூடத்துக்கு வந்த நர்ஸ் அக்கா கயித்துல செஞ்சு காட்டினாங்க."

மிரெயா கச்சையின் முனையைப் பிடித்து ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். ஆப்பிள் தோல் போல அத்தனை சுற்றும் சரசரவென்று அவிழ்ந்து மாமாவின் காலடியில் விழுந்தது.

மிரெயா திகைத்துப் போனாள். அப்பாவின் கச்சையை அவிழ்க்க வேண்டுமானால் அவர் பம்பரமாகச் சுழல வேண்டும். அவ்வளவு இறுக்கம்! முதுகைத் தாங்கிப் பிடிப்பதே கச்சைதானே?

"மாமா, யாரு உங்களுக்குச் சுத்தி விட்டாங்க?"

மாமா தலையைச் சொறிந்தார். "யாருமில்ல. நான்தான் தினம் லேட்டா வரேனே! வேன் கதவுக் கைப்பிடில ஒரு முனையைக் கட்டிட்டு, நானே சுத்திக்கிறேன்."

"வேன் வாங்கினதுலேர்ந்தா?"

"ஆமா."

"கைப்பிடி பிடிச்சுக்கும் மாமா. ஆள் பிடிச்சா பின்னால சாய்ஞ்சு இறுக்கி இழுப்பாங்க, அது இழுக்குமா?"

எலிசெண்டா நெற்றியில் அடித்துக்கொண்டார். "கூட்டத்துக்கு நடுவுல நீ நிக்கிறதால உன் இடுப்பு யார் கண்ணுக்கும் தெரியல. முதுகுக்குப் பிடிமானம் இல்லாம நின்னுட்டு, அவனைப் பியானோங்கிறியா?"

"கனமாத்தானே இருந்துச்சு!" என்று முணுமுணுத்தார் மாமா.

"இருங்க, அளக்கலாம்" என்றாள் மிரெயா. அப்பா வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்றார். கச்சையின் முனையை அவரைக் குதிகாலால் மிதிக்கச் சொன்னாள். ஸ்டூல் மேல் ஏறி, உச்சந்தலை வரை பிடித்து, அந்த நீளத்தைச் சரிபாதியாக மடித்தாள். மடித்ததை அப்பாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. நாலு விரல் துணி மிச்சம்!

"இடுப்பு உயரத்துல பாதிக்கும் கம்மி. நல்லாத்தான் இருக்கீங்க. நர்ஸ் அக்கா சொன்னாங்க, பெரியவங்களுக்கு எடை ஒரே நம்பர் இல்லியாம். ஒரே உயரம்னாலும் எலும்பு வேற, தசை வேற. இதுலேர்ந்து இது வரைக்கும்னு அகலமா ஒரு அளவு உண்டாம். சந்தேகம்னா டாக்டர்கிட்ட கேக்கணும், கீரையை மட்டும் மெல்லக் கூடாது."

"எனக்கும் சுத்திப் பாரேன்!" என்று மாமா வந்து நின்றார். அவரையும் அளந்து பாதி மடித்துச் சுற்றினாள். முனைகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்தன. தொடவில்லை.

"துணி சுருங்கிடுச்சு" என்றார் மாமா. கூடமே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். "சரி, சரி. இனிமே வேன் வேணாம். நடந்தே வரேன்."

"கச்சையை நான் பிடிக்கிறேன் மச்சான்" என்றார் அப்பா.

எலிசெண்டா தன் பையிலிருந்து தக்காளி தேய்த்த ரொட்டியை எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். "இன்னைக்கு நீ ஏற வேணாம். வயிறார சாப்பிடு. ஞாயித்துக்கிழமை காலையில, திருவிழாவுக்கு முன்னாடி ஏறிக் காட்டு. அப்புறம்தான் முடிவு."

ஞாயிறு காலை அப்பா பின்னால் சாய்ந்து இழுக்க, மாமா சுழன்று சுழன்று கச்சைக்குள் நுழைந்தார். பயிற்சிக் கூடத்தில் ஒருமுறை ஏறிக் காட்டினார்கள். எலிசெண்டா தலையாட்டினார்.

ஊர்ச் சதுக்கத்தில் திருவிழாக் குழல் ஒலிக்கத் தொடங்கியது. மிரெயா ஏறினாள். அப்பாவின் கச்சை, பிறகு தோள். பாறை போல அசையாத தோள்! அங்கிருந்து புரூனா அக்காவின் தோளுக்குப் போய், நிமிர்ந்து கையைத் தூக்கினாள். சதுக்கமே ஆர்ப்பரித்தது.

இறங்கி வந்ததும் மாமா அப்பாவின் முதுகில் தட்டினார். "இன்னைக்குக் கனமே தெரியல மச்சான்! வெறும் வயித்தோடயா ஏறினே?"

"இல்லியே" என்றார் அப்பா. "ரெண்டு சாசேஜ், ஒரு தட்டு பீன்ஸ், அப்புறம் மிரெயா மிச்சம் வெச்ச ரொட்டி."

"நான் மிச்சம் வெக்கல, நீங்கதான் எடுத்துக்கிட்டீங்க!" என்றாள் மிரெயா. அதைச் சொல்வதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.