மிஞ்சிய மண்

1904 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக் கரையில், ஓவசியர் குடியிருக்க இரண்டு அறை வீடொன்று கட்ட, மண் பார்ப்பதற்காக வெட்டப்பட்ட நாலடிச் சதுரக் குழியிலிருந்து அறுபது ஓலைக் கடகம் மண் எடுக்கப்பட்டது.

அறுபதையும் எண்ணியவர், அரசாங்கக் கட்டட வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர் கனகரத்தினம். எண்ணி முடித்து நிமிர்ந்தபோது குவியல் அவருடைய தோளளவு நின்றது. அறுபது கடகம் மண் இடுப்பைத் தாண்டாது என்பது அவருக்குத் தெரியும்.

மேலே ஒரு முழம் வெண்மணல், அதன் கீழே சிப்பி ஓடு, அதற்கும் கீழே கரிய களி. முத்துக்குளிக்க வந்தவர்கள் காலங்காலமாகச் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்டு, புழு தின்ற சதையைக் கழுவிக் கொட்டிவிட்டு முத்தோடு போன கரை அது. களி அவர் விரலிடுக்கில் நெய்போல வழுக்கியது. பிரித்தால் நூல்நூலாக இழுபட்டது. பூவரச நிழலில் ஒரு மணி நேரம் கிடந்தும் உடம்புச் சூடு ஆறாமல் இருந்தது. மூடிவைத்த மீன்சட்டியை மூன்றாம் நாள் திறந்ததுபோன்ற நாற்றம், அதனடியில் பழம் கனிந்ததுபோல ஓர் இனிப்பு. ஈக்கள் மொய்த்தன. மண் கிண்டும் இரும்பு அலவாங்கைக் குழியில் நிறுத்திக் கைவிட்டால் அது தன் பாரத்திலேயே ஒரு அடி இறங்கியது.

இந்த மண் சுவரைத் தாங்காது. ஆனால் இரண்டு இடங்களை ஏற்கெனவே தள்ளியாயிற்று. இதையும் தள்ளினால் இந்த வருடம் வீடு இல்லையென்று மன்னார் அரசாங்கக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் தன் தமையன் வீட்டில் ஐந்து மாத வயிற்றோடு இருக்கும் மனைவி மனோன்மணி எழுதியிருந்தாள்: அண்ணியின்ர முகத்தைப் பாத்துப் பாத்துச் சோறு தின்ன வேண்டிக் கிடக்கு. எப்ப கூப்பிடுவியள்?

"வெட்டின மண்ணைத் திரும்பப் போட்டுப் பாப்பம் ஐயா," என்றார் மேசன் முஹைதீன். "குழி நிரம்பாட்டி விடுங்கோ, எனக்கும் இந்த வேலை வேணாம். மிஞ்சினா கண்ணை மூடிக்கொண்டு கல்லை வைக்கலாம்."

"கிளறின மண் எங்கையும் பொருமும் மேசன். கொஞ்சம் மிஞ்சத்தான் செய்யும்."

"கனக்க மிஞ்சினா?"

நாற்பத்தெட்டாவது கடகத்தில் குழி நிறைந்தது. மிஞ்சவேண்டியது பன்னிரண்டு. குவியல் தோளளவு அப்படியே நின்றது.

முஹைதீன் வாய்விட்டுச் சிரித்தார். "இப்படி மிஞ்சின மண்ணை நான் கண்டதில்ல. உங்கட பெண்சாதி முத்துச் சிப்பிக்கு மேல படுக்கப் போறா ஐயா. துரைசாணிக்கும் கிடைக்காது."

உப்புப் பார்ப்பது மட்டும் மிச்சம். உப்பு மண் சுண்ணாம்பைத் தின்றுவிடும். அதை அறிய நாக்கைத் தவிர வேறு கருவி அவரிடம் இருக்கவில்லை. இரண்டு விரலால் கிள்ளினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாக்கில் வைத்தார்.

உப்பில்லை. இனித்தது. நாக்கைவிடச் சூடாக இருந்தது.

குமட்டிக்கொண்டு துப்பினார். வைத்தது ஒரு கிள்ளு. மணலில் விழுந்தது ஒரு பிடி.

செம்பை எடுத்து வாய் கொப்பளித்தார். கரியதாக வந்தது. மறுபடி. கெட்டியாக வந்தது. விரலை விட்டு வழித்தார். பல்லிடுக்கில் நூல். நாக்கின் அடியில் களி. வழித்த இடம் நிறைந்தது. மறுபடி வழித்தார். மறுபடி நிறைந்தது.

முஹைதீன் முதுகைக் காட்டியபடி முளையடித்து நூல் கட்டிக்கொண்டிருந்தார். "உப்பிருக்கோ ஐயா?" என்று தலையை மட்டும் திருப்பிக் கேட்டார்.

பேச நாக்குக்கு இடமில்லை. இல்லையென்று தலையசைத்தார். அது உண்மைதான்.

"அப்ப எழுதித் தாங்கோவன். தோணி வெளிக்கிடப் போகுது."

அறிக்கைக் கடதாசி மடியில். பென்சில் கையில். தகுதியற்றது என்று எழுதக் கை தயாராகத்தான் இருந்தது. உதடு பிதுங்கியது. மனோன்மணி. அண்ணியின் முகம். இன்னொரு வருடம்.

மண் தகுதியானது என்று எழுதிக் கையெழுத்திட்டார். மேசன் கடதாசியை வாங்கக் கிட்ட வந்தார். அவருக்கு முன்னால் துப்ப முடியாமல், வாயில் இருந்ததை விழுங்கினார். இறங்கியது. தொண்டையை ஒட்டிக்கொண்டு, மெதுவாக, தானாகவே. வாய் வெறுமையானது.

கொஞ்ச நேரத்துக்கு.

அறிக்கை அன்று மாலை மன்னாருக்குப் போனது. வீடு ஒக்டோபர் நடுவில் முடிந்தது. இருபத்திரண்டாம் தேதி மனோன்மணி வண்டியில் வந்து இறங்கினாள்.

"ஏன் ஒண்டும் கதைக்கிறியள் இல்லை? என்னில கோவமோ?"

கனகரத்தினம் இல்லையென்று தலையசைத்தார். விழுங்கினார். அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். வீட்டின் தரை அதற்குள் ஒன்றரை அடி எழும்பியிருந்ததால், வாசலில் இருவரும் குனிந்துதான் உள்ளே போனார்கள்.