பெயர் பதியாத ஒருவர்

கதவுப் பலகையில் அப்போது இருந்த பெயர்கள்:

மெர்லின்.
கிளமெண்ட்.
செல்வின்.
பெயர் பதியாத ஒருவர்.

மெர்லினும் அவள் கணவன் கிளமெண்டும் வீட்டுக்காரர்கள். செல்வின் நான், கணினி பழுது பார்க்க வந்தவன். நான்காவது ஆள், முதுகைத் திறந்துபோட்டு மேசைமேல் கிடந்த பழைய மடிக்கணினி.

உள்ளே வருகிறவன் கதவில் கை வைத்துப் பெயர் பதிய வேண்டும். மற்றதைப் பலகை சூட்டை வைத்தே கணக்கிடும். ஓர் ஆளின் உடம்புச் சூட்டை எது கக்கினாலும் அதற்கு அது ஓர் ஆள்தான்.

இந்தக் கட்டடத்தில் ஓர் அறைக்கு மூன்று பேரின் சூட்டைத்தான் குளிர்க்குழாய் வாங்கிக்கொள்ளும். மீறினால் முதலில் சிவப்பு விளக்கு. பிறகு மறுநாள் காலைவரை குழாய் அடைபடும். சித்திரை நடுப்பகலில் குழாய் அடைபட்ட அறையைப் பிறகு திறந்து பார்க்க யாரும் விரும்புவதில்லை. இரவில் வேலை செய்யலாமென்றால் இரவு மின்சாரம் வீடுகளுக்குக் கிடையாது. பகலில் வாங்கிய சூட்டைக் கடலில் கொட்டவே அது போதாது.

மெர்லினுக்குக் காது கேட்பதற்காக உள்ளே பொருத்திய செவிப்பொறி சில நாட்களாக ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது. பேச்சு கேட்காது, இரைச்சல் மட்டும். அவள் தூங்கவில்லை. பொறியைச் செய்த கம்பெனி மூடியாயிற்று. அதைத் திருத்தும் மென்பொருள் இந்த மடிக்கணினியின் பழைய கிராபிக்ஸ் சிப்பில்தான் ஓடும். பாதியில் நின்றால் பொறி செத்துவிடும். அதனால் காலையிலிருந்து வெறும் சோதனை ஓட்டம். ஒவ்வொரு முறையும் சிப் கொதித்து அணைந்தது.

விசிறிக்குப் பின்னால் கம்பளிபோல் படிந்திருந்த தூசியை எடுத்தேன். சிப்பின்மேல் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்த பேஸ்டைச் சுரண்டிப் புதிது வைத்தேன். அப்படியும் அணைந்தது. கடைசியில்தான் கண்ணில் பட்டது: செம்புத் தகட்டைப் பிடித்திருக்கும் திருகுகளில் ஒன்று மரை தேய்ந்து, தகடு ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. அழிரப்பரை வைத்து விரலால் அழுத்தினேன். சிப் குளிர்ந்தது. முழு வேகத்தில் ஓடியது.

சிப்பை விட்ட சூடு எங்கும் போய்விடவில்லை. அறைக்குள் வந்தது. பலகை சிவந்தது.

"நாலு பேருங்குது," என்றான் கிளமெண்ட். "ஏது தம்பி நாலு பேரு?"

"பெட்டியச் சேத்துதான் அண்ணே."

"அதுக்கு வேர்க்கவா செய்யுது?"

"உங்கள விட நல்லா உழைக்குது." ஓட்டத்தை நிறுத்தினேன். சிவப்பு போனது.

"வெளிய வராந்தாவுல வச்சு ஓட்டுனா?"

"அங்க உள்ள சூட்டுல உடனே அணைஞ்சிரும். மனுசன்னா கொஞ்ச நேரம் தாங்குவான்."

கிளமெண்ட் கதவைப் பார்த்தான்.

"என்ன சொல்லுதாரு?" என்று மெர்லின் கத்தினாள். தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியாது.

அவள் உதட்டைப் படிக்கும்படி வாயை அகலத் திறந்து சொன்னேன். "ஒரு மணி நேரம் ஓடணும். அதுவரைக்கும் ஒருத்தர் வெளிய நிக்கணும்."

அவள் கணவனைப் பார்த்தாள். "நீங்க போகக்கூடாது. போன சித்திரையில வெளிய விழுந்து ஒரு பக்கம் இழுத்துக்கிட்டது மறந்துபோச்சா? பெட்டிய மூடுங்க தம்பி. இந்த இரைச்சல் இருந்துட்டுப் போகட்டும்."

"நான் போறேன்," என்றேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன்.

கிளமெண்ட் அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றான். "நீ போயிட்டு, நடுவுல அது மக்கர் பண்ணுனா நான் என்ன முத்தமா குடுக்க?" பிறகு அவள் பக்கம் திரும்பி, நிதானமாக உதட்டை அசைத்தான். "செல்வின் போவான். நீ உக்காரு."

அவள் சுவரோரம் கிடந்த மேசைமுன், கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். காதுக்குப் பின்னால் கம்பியை மாட்டினேன். கிளமெண்டின் இழுத்துக்கொண்ட கை நடுங்கும் என்பதால் ரப்பரை அழுத்துகிற வேலையை அவளே வாங்கிக்கொண்டாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

கிளமெண்ட் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டான். "படியில உக்காந்திருப்பேன்," என்றான். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னான்.

நான் அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. ஓட்டத்தைத் தொடங்கினேன்.

கதவு அவனுக்குப் பின்னால் மூடியது. பலகை பெயர்களைத் திருத்தி எழுதியது.

மெர்லின்.
செல்வின்.
பெயர் பதியாத ஒருவர்.

மூன்று பேர். அறை நிறைந்துவிட்டது. இனி உள்ளே ஓர் ஆள் குறையாமல் அந்தக் கதவு வெளியிலிருந்து யாருக்கும் திறக்காது. பூட்டு கனமாக விழுந்தது. மெர்லினுக்குக் கேட்கவில்லை.