வெள்ளிக்கிழமைப் புல்

ஜும்மா முடிந்து கியாசுதீன் பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது, அவன் மாலையில் வெட்டவேண்டிய புல் வெட்டிக் கிடந்தது.

நொய்யல் கரையில் சலவைப் பட்டறைக்குப் பின்னால் ஆற்றை நோக்கிச் சரியும் இரண்டு ஏக்கர் புல்வெளி அது. ஆறு நாளும் ஈரப் பனியன் துணியை அதில் விரித்து வெயிலில் வெளுக்க வைப்பார்கள். வெள்ளியன்று மட்டும் தரை காலியாக இருக்கும்; அன்றுதான் புல்வெட்டு. உயரமாக விட்டால் துணியில் பச்சைக் கறை, ஒட்ட வெட்டினால் செம்மண் கறை. கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரின் குன்னூர் பங்களாவிலிருந்து, உட்கார்ந்து ஓட்டும் புல்வண்டி ஒன்றை முதலாளி வாங்கிவந்திருந்தார். பட்டறையில் அதை ஓட்டத் தெரிந்தவன் கியாசுதீன் மட்டும்தான்.

அவன் அவசரப்படுகிற ஆள் இல்லை. முதலில் தரை முழுக்க நடந்து கல் பொறுக்குவான். சரிவில் குறுக்கே ஓட்டமாட்டான், மேலும் கீழுமாகத்தான். பின்னால் எடுக்கும்முன் நிறுத்தி, தோளுக்குமேல் திரும்பிப் பார்ப்பான். அவன் குடியிருந்த வீடு அந்தப் புல்வெளி ஓரத்திலேயே இருந்தது. மகள் குல்சாருக்கு நான்கு வயது, ஓரிடத்தில் நில்லாத பிள்ளை. வண்டிக்கு அடியில் சுழலும் தகட்டுக்குப் புல்லும் ஒன்று, பிஞ்சு விரலும் ஒன்று. ஆகவே மனைவி நசீமாவுக்கு ஒரு கட்டளை இட்டிருந்தான்: எஞ்சின் சத்தம் கேட்டதும் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவு ஜன்னலைச் சாத்தவேண்டும். சத்தம் நின்ற பிறகே தாழ்ப்பாள் திறக்கவேண்டும்.

இப்போது அறுத்த புல்லின் பச்சை வாசனையும் பெட்ரோல் நெடியும் மதிய வெயிலில் கலந்து மூக்கில் ஏறின. வரிசைகள் நூல் பிடித்தாற்போல ஓடின. மேலும் கீழுமாக.

பாய்லர்காரர் சென்னிமலை பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். பட்டறையில் அப்போது அவரைத் தவிர யாரும் இல்லை.

"ஏனுங்கண்ணா, வண்டியை எடுத்தீங்களா?"

"நானுங்களா பாய்? சைக்கிளையே பாதி வழி தள்ளிட்டுத்தானுங்க வாரேன்." சிரித்தார். "சத்தம் கேட்டுச்சுங்க. நீங்கதான் தொழுகைக்கு மட்டம் போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

சிரிப்பு கொஞ்சம் நீளமாக இருந்ததோ என்று கியாசுதீனுக்குத் தோன்றியது.

வீட்டில் நசீமா சோறு போட்டாள். "வெட்டி முடிச்சுட்டு எங்க போயிட்டீங்க? சத்தம் நின்னுச்சு, கதவத் தெறந்தேன், ஆளக் காணோம்."

அவன் குழம்பை ஊற்றிப் பிசைந்தான். தான் வெட்டவில்லை என்பதையும், சென்னிமலை சொன்னதையும் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளி வண்டிக் கொட்டகையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தொழப் போனான். திரும்பி வந்தபோது பூட்டு பூட்டியபடி தொங்கியது. புல் வெட்டியிருந்தது.

குல்சார் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தா, வண்டி மாமா கைய நீட்டுனாங்க. அம்மா போக உடல."

"எந்த மாமா?"

"அது எல்லாத்தையும் மாமான்னுதான் சொல்லும்," என்று நசீமா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். வேகமாகப் போனாள். அல்லது அவனுக்கு அப்படிப் பட்டது.

அந்த வாரம் முழுக்க அவன் அவளைக் கவனித்தான். அவள் தலைவாரும்போது, அவள் பட்டறைப் பக்கம் பார்க்கும்போது, தூக்கத்தில் அவள் புரளும்போது. கள்ளச்சாவி ஒன்று இருக்கிறது. அதை வைத்திருப்பவனுக்கு, கியாசுதீன் வீட்டில் இல்லாத நேரம் தெரிந்திருக்கிறது. அதை அவனுக்குச் சொன்னது யார்? அவளைக் கேட்டிருந்தால் ஒரு வார்த்தையில் தீர்ந்திருக்கும். கேட்கவில்லை.

மூன்றாம் வெள்ளி, "போயிட்டு வாரேன்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பியவன், ஆற்றோரமாகச் சுற்றிவந்து, ஓசைப்படாமல் கொட்டகைக்குள் நுழைந்து உள்பக்கம் பூட்டிக்கொண்டான். தகரச் சுவரின் இடுக்கில் கண்ணை வைத்தால் புல்வெளி முழுவதும், மேல் ஓரத்தில் தன் வீட்டு வாசலும் தெரிந்தன. தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டு டப் டப்பென்றது. ஆற்றிலிருந்து பிளீச்சிங் பவுடர் வாடை வந்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. வண்டியின் மீது கையை ஊன்றிக்கொண்டு, வரப்போகிறவனுக்காகக் காத்திருந்தான்.

எஞ்சின் கிளம்பியது.

வெளியே.

அவன் கைக்கு அடியில் வண்டி அசையவில்லை. இரும்பு குளிர்ந்திருந்தது.

வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. சரிவின் அடியில் ஒரு பட்டைப் புல் சாய்ந்தது. மேலே ஏறியது. திரும்பியது. அடுத்த பட்டை. அங்கே வண்டி இல்லை, யாரும் இல்லை. எதுவும் இல்லை. புல் மட்டும் விழுந்தது. ஓரிடத்தில் சத்தம் தணிந்து, ஒரு கணம் தயங்கி, பிறகு பின்வாங்கியது. தோளுக்குமேல் யாரோ திரும்பிப் பார்ப்பதற்கு ஆகும் நேரம்.

பட்டை பட்டையாக வீட்டை நெருங்கியது. வாசற்படிக்கு நேரே வந்தது.

நின்றது.

சத்தம் நின்றது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. சத்தம் நின்றால் திறப்பாள். அவன் சொன்னபடியே திறப்பாள்.

"நசீமா, திறக்காத."

குரல் தகரத்தில் மோதி அவன் மீதே விழுந்தது. சாவி. எங்கே சாவி. விரல் வழுக்கியது. சாவி நழுவி வண்டிக்கு அடியில் போனது. மீண்டும் இடுக்கில் கண்ணை வைத்தான்.

கதவு திறந்திருந்தது. அம்மாவின் இடுப்புக்கும் நிலைக்கும் நடுவே புகுந்து குல்சார் வெளியே வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு கைகளையும் தூக்கினாள்.

கால்கள் தரையை விட்டு எழுந்தன.

நசீமா நிலைப்படியிலேயே நின்றாள். வாய் திறந்திருந்தது.

எஞ்சின் மறுபடி கிளம்பியது. தரைக்கு மூன்றடி மேலே, வெறும் வெயிலில் சம்மணமிட்டு, யார் மடியிலோ சாய்ந்திருப்பதைப் போல முதுகைச் சாய்த்துக்கொண்டு, குல்சார் சரிவில் இறங்கிப் போனாள். புல்வெளி முடிந்தது. அங்கே நிற்கவில்லை. கரையோர நாணல் அவளுக்கு முன்னால் பட்டையாக விழுந்துகொண்டே போனது. அவள் சிரித்துக்கொண்டே கையை மேலே நீட்டி, அங்கே இல்லாத ஒரு முகத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.