தொட்டுப் பார்க்கும் கை

சிலோன்காரர்கள் என்றதுமே பட்டினப்பாக்கத்தில் பல வீட்டுக் கதவுகள் சாத்திக்கொண்டன. ரிட்டயரான பியாட்ரிஸ் டீச்சர் மட்டும் நிலாந்தினிக்கும் தம்பி துவாரகனுக்கும் தன் வீட்டுப் பின்கட்டைத் திறந்துவிட்டார். கடலோர வீடு, எவ்வளவு பெருக்கினாலும் மணல் வரும், அதற்கு என்னைக் குறை சொல்லக்கூடாது என்று சிரித்தார்.

மணல் வந்தது. கடல் மணல்தானே என்று நிலாந்தினியும் பெருக்கித் தள்ளினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு நாள் கரண்ட் போயிற்று. அவள் உச்சந்தலையில் ஒரு கை பட்டது.

ஈரக் கை. விரலிடுக்கெல்லாம் மணல்.

அவளுக்குத் தெரிந்த கைதான். முள்ளிவாய்க்காலில் அம்மா தன் சேலைகளையே பைகளாகத் தைத்து, மண் நிரப்பி, பதுங்குகுழியைச் சுற்றி அடுக்கியிருந்தாள். ஷெல் விழும்போதெல்லாம் இருட்டில் பிள்ளைகள் இருவர் தலையையும் தொட்டுப் பார்த்துக் கீழே அமுக்குவாள். கடைசி ஷெல்லில் மண் சரிந்து அம்மா போய்விட்டாள். போகுமுன் சின்னவனிடம், நீ ஆம்பிளைப்பிள்ளை, அழக்கூடாது என்றாள். பாவி, அதை அப்படியே பிடித்துக்கொண்டான். வளர்ந்து வேலைக்கும் போயாயிற்று, இன்றுவரை ஒரு சொட்டு இல்லை.

கை தினமும் வந்தது. நிலாந்தினி அலறினாள். பக்கத்து நொச்சிக்குப்பத்துச் சாவு ஊர்வலத்தில் வெடி போட்டால் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். அழுகிறவள்தானே கண்ணில் படுவாள். டாக்டர் அவளுக்கு மாத்திரை எழுதினார். டீச்சர் ஜெபக்குழுவைக் கூட்டிவந்து அவள் தலையில் கைவைத்து ஜெபித்தார். துவாரகன் வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்து டம்ளர்களையும் கழுவி வைத்தான். தங்கமான பையன் என்றார்கள். அவன் தலைமுடியிலும் ஈர மணல் ஒட்டியிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கூடப்பிறந்தவளே பார்க்கவில்லை.

என்னை விட்டுப் போ என்று ஜெபத்தோடு அவளும் சேர்ந்து கத்தினாள்.

கை போயிற்று. அப்பாடா என்று தூங்கினாள்.

பிறகு, கொடியில் காய்ந்த டீச்சரின் சேலைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. துவாரகன் பேச்சைக் குறைத்தான், அப்புறம் சாப்பாட்டை. அவன் பாயில் மணல் குவிந்தது. நிலாந்தினி அதை அள்ளிக் கொட்டினாள். தம்பிக்கும் ஜெபம் பண்ணச் சொல்லி டீச்சரிடம் கெஞ்சினாள்.

"அவனுக்கென்ன கண்ணு? ஆம்பளப் பையன். தானா சரியாயிடுவான்."

மறுநாள் மத்தியானம் தெருவில் சாவு ஊர்வலம். வெடி வெடித்தது. நிலாந்தினி ஒளியவில்லை. தம்பியைத் தேடினாள்.

பாயில் இல்லை.

கொல்லையில், முருங்கை மரத்துக்குப் பின்னால், மண் சரியும் சத்தம்.

ஆளுயரக் குழி. சுற்றிலும் டீச்சரின் சேலைகள், பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கியிருந்தன. அடியில் துவாரகன் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தான். மண் அவன் தாடைவரை வந்திருந்தது.

"தம்பி, வெளியில வாடா."

"சத்தம் போடாதை அக்கா," என்று கிசுகிசுத்தான். "அம்மா அழக்கூடாதெண்டவ."

"அழுடா. ஒருக்கா அழுடா, என்ர ராசா."

அவன் உதடு நடுங்கியது. கண் காய்ந்தே கிடந்தது. அவள் குழிக்குள் குதித்து, அவனை இழுக்கத் தலையில் கைவைத்தாள்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

"சண்டை முடிஞ்சுது அம்மா. அவனை விடணை."

தெருவில் இன்னொரு வெடி. அந்தக் கை அவன் தலையை இன்னும் கொஞ்சம் கீழே அமுக்கியது.