நாலு மணிக்கு இறங்கும் நாற்காலி

மெக்கானிக் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி இரண்டரை. மழை வரப்போகிற மாதிரி வெளியே இருட்டிக் கிடந்தது. உள்ளே அதைவிட இருட்டு. மாடிப்படியை ஒட்டித் தண்டவாளம் போல ஓர் இரும்பு. அதன் அடிமுனையில், கைப்பிடிகளை மடக்கிக்கொண்டு, சமர்த்தாக நின்றது மின்நாற்காலி. முழங்கால் போன பெரியவர்களை மாடிக்கு ஏற்றி இறக்கும் சாதனம். நாலு வருடத்துக்கு முன் அதை மாட்டியவரும் இதே மெக்கானிக்தான்.

வீட்டுப் பெரியவர் போய் மூன்று மாதம். மருமகள் எட்டு மாதக் கர்ப்பிணி, புருஷன் வெளியூரில். கடைசிப் படியைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த தண்டவாள முனை அவள் காலை இரண்டு முறை வாரிவிட்டது. இரண்டு முறையும் சுவர் காப்பாற்றியது. மூன்றாவது முறையும் சுவரையே நம்பிக்கொண்டிருக்க முடியாது என்றுதான் மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள்.

இன்னொன்றும் சொன்னாள், குரலைத் தாழ்த்தி.

"நாலு மணிக்குள்ள முடிச்சிடுங்கண்ணே."

"நாலு மணிக்கு என்னம்மா?"

"மாமா டீ குடிக்க இறங்குற நேரம்."

மெக்கானிக் சிரிக்கவில்லை, வேலை நேரத்தில் சிரிப்பதில்லை என்பது அவர் கொள்கை. பேட்டரியில் மிச்சம் மீதி இருந்தால் நாற்காலி தானாக அசையும் என்று பொறுமையாக விளக்கினார். விளக்கிவிட்டு, இரண்டு பேட்டரியையும் கழற்றி அவள் கண்ணெதிரே தரையில் வைத்தார்.

போல்ட்டுகள் துருப்பிடித்திருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, திட்டி, ஒவ்வொன்றாக இளக்குவதற்குள் நாலு அடித்துவிட்டது.

நாற்காலி கிளம்பியது.

பேட்டரி இல்லாமல், சத்தமில்லாமல், மாடிக்குப் போய் நின்றது. வலித்தைலத்தின் வாசனை ஒன்று படிப்படியாகக் கீழே இறங்கி வந்தது. மேலே கைப்பிடிகள் விரியும் ஓசை.

நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியது.

இறங்கும்போது அது முனகிக்கொண்டே வந்தது. ஆள் உட்கார்ந்தால் இந்த ரக நாற்காலி அப்படித்தான் முனகும். இளக்கிவிட்ட தண்டவாளம் ஒவ்வொரு படிக்கும் நடுங்கியது.

மருமகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு கை வயிற்றின் மேல். "பிள்ளையத் தூக்கிட்டு நான் இந்தப் படியிலதாண்ணே ஏறி இறங்கணும்," என்றாள் முணுமுணுப்பாக.

மெக்கானிக் கதவுப் பக்கமாக இரண்டடி பின்வாங்கினார். ஆனால் தொழில் பழக்கம் லேசில் விடுமா? முதல் தடவை ஏறிப் பயப்படும் பெரியவர்களிடம் ஆயிரம் முறை சொன்னதையே சொன்னார்.

"சாஞ்சு உக்காருங்கய்யா. பெல்ட் போட்டுவிடறேன். பயப்படாதீங்க, நான் கூடவே இருக்கேன்."

பெல்ட்டை இழுத்து மாட்டினார். அது தொய்ந்து விழவில்லை. நல்ல தொப்பை ஒன்றைச் சுற்றிக்கொண்ட மாதிரி, வெறுங்காற்றில் வளைந்து நின்றது.

வழக்கமாக அவர் ஒற்றை ஆளாகத் தூக்கும் நாற்காலி. அன்று பக்கத்து வீட்டுக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் தூக்க வேண்டியிருந்தது. தண்டவாளத்தையும் மூன்று துண்டாக அறுத்து வேனில் ஏற்றிய பிறகு, மருமகள் படியின் அடியில் நின்று வெறுங்காலால் தரையைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் அவள் முகத்தில் களை திரும்பியது.

பழைய இரும்புக்கடையில் நாற்காலியை எடைமேடையில் வைத்தார்கள். நூற்றுப் பதினெட்டு கிலோ.

"முப்பத்தஞ்சுக்கு மேல வராதே. மெஷின் மக்கர் பண்ணுது," என்று கடைக்காரர் மெஷினைத் தட்டினார்.

மெக்கானிக்குக்கு ஒரு வழக்கம்: எதைக் கழித்துப் போட்டாலும் பெல்ட்டை மட்டும் போடமாட்டார், அடுத்த வீட்டுக்கு ஆகும். கை போன போக்கில் கொக்கியை விடுவித்து, பெல்ட்டை உருவி, சுருட்டித் தன் பைக்குள் வைத்தார்.

எடை முப்பத்தைந்துக்கு இறங்கியது.

"பாத்தீங்களா, தட்டினா சரியாயிடும்," என்றார் கடைக்காரர்.

மெக்கானிக் வேனைக் கிளப்பினார். பக்கத்து சீட்டில் ஆள் இருந்தும் பெல்ட் போடவில்லை என்று மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே கையை நீட்டி, பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

மணி நின்றது. தைல வாசனை நிற்கவில்லை.

அவர் குடியிருப்பது மூன்றாவது மாடியில். லிஃப்ட் கிடையாது.

முதல் படியில் கால் வைத்தார். இடது தோளில் ஒரு கை, மெதுவாக, முழுப் பாரத்தையும் போட்டு ஊன்றியது.