ஜெபமாலை முடியட்டும்

சிலுவையைத்தான் அம்மாவின் விரல்களுக்கு நடுவில் வைத்திருந்தாள். அதில் சின்னவளுக்குச் சந்தேகமே இல்லை. காலையில் குளிப்பாட்டி, வெள்ளைப் புடவை கட்டி, விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடிக்கவைத்து, ஜெபமாலையை மார்பின் மேல் பரப்பியது அவள்தான். இப்போது மெழுகுவத்தி மாற்றக் குனிந்தபோது சிலுவை கைக்கு வெளியே கிடந்தது. அம்மாவின் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் முதல் மணியைப் பிடித்திருந்தன.

"யாராவது அம்மா கையைத் தொட்டீங்களா?"

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றான் அண்ணன், வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டே. "வர்றவங்களுக்குக் காபி குடு, போ."

கல்லறைப் பேச்சு முடிந்ததிலிருந்தே அவன் கடுகடுவென்றுதான் இருந்தான். "அப்பா குழியிலேயே வச்சிடலாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிட்டேன். புருஷன் பொண்டாட்டியைத் தனித்தனியா புதைச்சா நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." போன வாரம்தான் ஆஸ்பத்திரியில் அம்மா இரண்டு பேர் கையையும் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "செத்தப்புறமாவது அந்த ஆள் பக்கத்துல என்னைப் படுக்க வைக்காதீங்க." அந்த ஆள் உடைத்த விலா எலும்பு மழை பெய்தால் கடைசிவரை வலித்தது. எல்லாம் தெரிந்தும், "உனக்கும் சம்மதம்தானேம்மா?" என்று ஃபாதர் கேட்டபோது சின்னவள் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டாள்.

ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மெழுகு உருகும் வாசனையும், வாடத் தொடங்கிய பூக்களின் வாசனையும், நனைந்த குடைகளின் வீச்சமும் சேர்ந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ள, பெரியம்மா சவப்பெட்டியின் கால்மாட்டில் மண்டியிட்டு ஜெபமாலையைத் தொடங்கினாள். முன்பாதியை அவள் சொல்ல, பின்பாதியை அறை முழுக்க இழுத்து இழுத்து முனக, அந்த முனகலுக்கு அடியில் இன்னொரு சின்னச் சத்தம், மரத்தில் மரம் இடிக்கிற சத்தம், ஒவ்வொரு ஜெபத்துக்கும் ஒரு தடவை கேட்டது.

டிக்.

பெரியம்மாவுடையது கண்ணாடி மணி. மர மணி மாலை அந்த வீட்டில் ஒன்றுதான், அம்மாவுடையது.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். பத்துப் பத்தாக ஐந்து கோர்வை மணிகள். அம்மாவின் விரல்கள் முதல் பத்தின் நடுவில் இருந்தன.

அவள் பயந்தாள். பேய் பிசாசென்று அல்ல. அம்மாவை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் தினமும் சாயங்காலம் ஜெபமாலை. பிள்ளைகள் நடுவில் சிரித்தாலோ கிள்ளிக்கொண்டாலோ அம்மா நிறுத்தமாட்டாள், திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். அதே ராகத்தில் ஒரு வரி மட்டும் வரும்: "ஜெபமாலை முடியட்டும், வச்சுக்கறேன்." அதன்பிறகு ஒவ்வொரு மணியும் நரகம். கடைசியில் சிலுவையை முத்தமிடுவாள். எழுந்திருப்பாள். முதலில் அண்ணனின் பிடரியைப் பிடிப்பாள், அவன் முடிந்ததும் இவள். அந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

முட்டிபோட்டபடியே நகர்ந்து பெரியம்மாவின் காதருகே போனாள். "போதும் பெரியம்மா. நிறுத்துங்க."

"பைத்தியமா உனக்கு? பாதியில அணைக்கிறதுக்கு இது என்ன ரேடியோவா?" என்று சீறிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள் பெரியம்மா.

டிக்.

வாசலுக்கு ஓடினாள். "அண்ணா, வேற குழி கேளு. இப்பவே கேளு. அம்மாவும் கூடவே சொல்றாங்க."

"என்ன சொல்றாங்க?"

"ஜெபம்."

அவளை ஏற இறங்கப் பார்த்தான். "குழியைத் தோண்டி முடிச்சாச்சு. வாயை மூடிட்டு உள்ள போய் உட்காரு. எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்காதே."

பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து நின்றாள். நாலாவது பத்து. சுற்றிலும் பூமாலைகள் குவிந்து கிடந்ததால் மற்றவர்களுக்கு அம்மாவின் கை தெரியாது. ஜெபமாலையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். வரவில்லை. பலமாக இழுத்தாள்.

அம்மா திருப்பி இழுத்தாள்.

விட்டுவிட்டாள். "தெரியாம தலையாட்டிட்டேன்மா," என்று முணுமுணுத்தாள். "மன்னிச்சிடும்மா."

டிக்.

கடைசிப் பத்து. டிக். பெரியம்மாவின் குரல் வேகமெடுத்தது. டிக். டிக். யாருக்கோ இருமல். டிக்.

நின்றது.

எல்லோரும் தலை குனிந்து சிலுவை அடையாளம் போட்டார்கள். அவள் மட்டும் குனியவில்லை. அம்மாவின் கை மார்பில் இல்லை. சிலுவை அம்மாவின் உதட்டின் மேல் இருந்தது.

"மூடப்போறாங்க," என்றாள் பெரியம்மா, எழுந்து மூக்கைச் சிந்தியபடி. "பிள்ளைங்க வந்து முத்தம் குடுங்க. பெரியவனே, நீ முதல்ல."

அண்ணன் வந்தான். குனியாதே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

குனிந்தான்.

நிமிரவில்லை.

அவன் தோள்கள் குலுங்கின. செருப்பில்லாத கால்கள் தரையில் வழுக்கி வழுக்கித் தேய்ந்தன. ஒரு மெழுகுவத்தி சரிந்து அணைந்தது.

"அழட்டும், விடுங்க," என்றாள் பெரியம்மா. "காலையிலேர்ந்து கல்லு மாதிரி நின்னான், பாவம்."

தலைமாட்டிலிருந்து பார்த்தவளுக்கு மட்டும் அவன் பிடரி தெரிந்தது. அதில் பதிந்திருந்த விரல்கள் தெரிந்தன. விரல் இடுக்கில் மர மணிகள் ஆடின. பிறகு ஆடவில்லை.

பெரியம்மா அருகில் வந்து அவள் முதுகில் கை வைத்து, ஆதரவாக, முன்னால் தள்ளினாள்.

"அவன் அழுது ஓய்ஞ்சிட்டான். அடுத்து நீ போம்மா."

பெட்டியின் விளிம்பில், பூக்களை ஒதுக்கிக்கொண்டு, அம்மாவின் இன்னொரு கை விரிந்திருந்தது.