மூன்று தேடலும் ஓர் அட்டையும்

இலங்கையில் மாத்தளைப் பக்கத்து நாலந்தாவில் பதுர்தீனின் மில் காலை எட்டு மணிக்குத் திறந்துவிடும். மிளகாய், மல்லி, அரிசி, எதைக் கொண்டுபோனாலும் அரைத்துக் கொடுப்பார். ஆனால் இரண்டு மாதமாக மெஷின் பெரும்பாலும் சும்மாதான் நின்றது. அதை விற்றுவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பல்லேபொலையிலிருந்து ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது.

அவருடைய மகள் றுஸைனாவுக்குப் பதினொரு வயது. மெஷின் போவது அவளுக்குப் பிடிக்கவில்லை. உம்மா மௌத்தாகி அடக்கம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் ஏற்கெனவே ஒரு சத்தம் குறைந்துவிட்டது. இன்னொன்றும் குறைய வேண்டாம் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை காலை நாவுலையிலிருந்து வந்த பஸ் நின்றது. தெரேசா அக்கா ஒரு பை காய்ந்த மிளகாயோடு இறங்கினார்.

"மாத்தளைக்குக் கொண்டுபோகத்தான் புறப்பட்டேன். பஸ்ஸில இருந்து பார்த்தா இங்க கதவு திறந்திருக்கு. நீங்க மூடிட்டதா போன்ல சொல்லுதே?"

"நான் இங்கதானே நிக்கிறேன்," என்றார் வாப்பா.

றுஸைனாவின் அண்ணன் றிஸ்வான் உடனே போனை எடுத்தான். அதில் மூன்று விதமான தேடல்கள் வைத்திருந்தான். ஒன்று பக்கங்களை வரிசையாகக் காட்டும். ஒன்று வரைபடத்தில் காட்டும். மூன்றாவது புதியது. வாயால் கேட்டால் வாயாலேயே பதில் சொல்லும். எது கெட்டிக்காரன் என்று அவனுக்கும் மில்லுக்கு முன்னால் ஆட்டோ நிறுத்தும் ஜெயக்காந்தன் மாமாவுக்கும் தினமும் வாக்குவாதம்.

இருவரும் மில்லைப் பற்றி மூன்றிடமும் கேட்டார்கள். முதலாவது, மூடப்பட்டது என்றது. வரைபடம் அதையே சிவப்பு எழுத்தில் காட்டியது. மூன்றாவது மிகவும் மரியாதையாக, மில் நிரந்தரமாக மூடப்பட்டுள்ளது, வேறு மில்களைக் காட்டட்டுமா என்று கேட்டது.

"மூணும் ஒண்ணையே சொல்லுதே. அப்ப சரியாத்தான் இருக்கும்," என்றார் ஜெயக்காந்தன் மாமா. வாப்பா கையில் மாவோடு வாசலில் நின்று அவரைப் பார்த்தார்.

றுஸைனா அண்ணனிடம் சொன்னாள், "நானா, இதுகளுக்கு யாரு சொன்னாங்கன்னு கேளுங்க."

றிஸ்வான் இதுவரை அப்படிக் கேட்டதே இல்லை. மூன்றாவதிடம் கேட்டதும் பதிலுக்குக் கீழே ஒரு படம் வந்தது. மற்ற இரண்டிலும் தேடிப் பார்த்தான். அங்கேயும் அதே படம்தான். மூன்றும் ஒரே இடத்தில் கேட்டுவிட்டுத்தான் தனித்தனியாகப் பதில் சொல்லியிருந்தன.

படத்தில் பூட்டிய கதவு. மேலே மரண வீட்டு வெள்ளைக்கொடி. கதவில் ஓர் அட்டை. 'மில் மூடப்பட்டுள்ளது.'

நீல எழுத்துகள் வரி கோணியிருந்தன. றுஸைனாவுக்கு அவற்றைத் தெரியும். உம்மாவின் ஜனாஸாவை அடக்கம் செய்த அன்று அவள்தான் அதை எழுதிக் கட்டினாள். எத்தனை நாளைக்கு என்று எழுதத் தோன்றவில்லை.

ஊர்க்காரர்கள் இணையத்தில் வைத்திருக்கும் ஊர்ப் பக்கத்தில் படத்தைப் போட்டது ஜெயக்காந்தன் மாமா. அவர் தலையைச் சொறிந்தார். "சாக்கைத் தூக்கிட்டு வந்து சனம் ஏமாந்து போகக் கூடாதேன்னுதான் போட்டேன், மகள். பிறகு மறந்தே போயிட்டேன்."

"எழுதினது நான்தானே, மாமா," என்றாள் றுஸைனா. வீட்டுக்குள் போய் இன்னோர் அட்டையும் அதே நீலப் பேனாவும் கொண்டுவந்தாள்.

'மில் திறந்திருக்கிறது. தினமும் காலை 8 முதல் மாலை 6 வரை. வெள்ளி மட்டும் 12 முதல் 2 வரை மூடப்படும்.' அடியில் அன்றைய தேதியையும் எழுதிக் கதவில் கட்டினாள்.

வாப்பா மெஷினை ஓடவிட்டார். தெரேசா அக்கா பையோடு பக்கத்தில் நின்று தும்மினார். ஜெயக்காந்தன் மாமா படம் பிடித்து அதே ஊர்ப் பக்கத்தில் போட்டார். றிஸ்வான் மூன்று தேடல்களுக்கும் தகவல் அனுப்பினான்.

மாலைக்குள் வரைபடம் மாறியது. மறுநாள் காலை முதலாவதும் மாறியது. மரியாதையாகப் பேசும் மூன்றாவது மட்டும் இன்னும் வேறு மில் காட்டட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் ஊர்ப் பக்கத்தைப் பார்த்து ஐந்து பேர் பைகளோடு வந்துவிட்டார்கள்.

பல்லேபொலைக்காரர் வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலில் நின்று ஏதோ கேட்டார். இரைச்சலில் வாப்பாவுக்குக் கேட்கவில்லை. றுஸைனா அருகே போய் வாப்பாவின் காதில் அதைச் சொன்னாள். வாப்பா அடுத்த பையை அவிழ்த்துக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினார்.

"இப்ப விக்கிறதில்லையாம்," என்று றுஸைனா வந்தவரிடம் சொன்னாள்.

அந்தச் சத்தத்தில் அதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.